லாக் புக்கில் கையெழுத்துப் போடலாமா?

இந்த முறை கேள்வி ஒரு மருத்துவரிடமிருந்தே வந்திருக்கிறது. தென் மாவட்டம் ஒன்றில், அரசு மருத்துவக் கல்லூரியின் பொது மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறார். வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன. அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய யூனிட்டுக்கு ஆறு வாரப் போஸ்டிங்கில் ஒரு ஹவுஸ் சர்ஜன், அதாவது எம்.பி.பி.எஸ். முடித்து இன்டர்ன்ஷிப் பயிற்சியில் இருப்பவர், வந்திருக்கிறார். எம்.பி.பி.எஸ். முழுக்க முதல் சில இடங்களில் இருந்தவர். மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.யிலும் நல்ல ரேங்க். இன்டர்ன்ஷிப் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. இந்தப் போஸ்டிங்கில் மூன்று வாரம் ஓடிவிட்டது. முடியும்போது அவருடைய லாக் புக்கில், அதாவது பயிற்சியைப் பதியும் பணிப்பதிவேட்டில், திருப்தி என்று இவர் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டாவது வாரம் ஒரு நைட் டூட்டியில், வியர்த்துக் கொட்டி, குழறிப் பேசிக்கொண்டிருந்த அறுபது வயதுக்காரர் ஒருவரைக் குடும்பத்தார் தூக்கி வந்திருக்கிறார்கள். ஹவுஸ் சர்ஜன் பக்கவாதம் என்று முடிவு செய்து, நரம்பியல் பரிசோதனையைக் கேஸ் ஷீட்டில் ஒன்றுவிடாமல் எழுதி, சி.டி. ஸ்கேனுக்குச் சீட்டும் போட்டுவிட்டார். சர்க்கரை மட்டும் பார்க்கவில்லை. டிராலி நகர்வதற்குள் ஸ்டாஃப் நர்ஸ் தாமாகவே குளுக்கோமீட்டரில் பார்த்தால், ஆபத்தான அளவுக்குக் குறைந்து 38. டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏறியதும் அந்தப் பெரியவர் எழுந்து உட்கார்ந்து வீட்டுக்காரம்மாவைக் கேட்டாராம். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இரவு சாப்பிடாமல் படுத்தவர்.

கடிதத்தின் நடுவே, போகிற போக்கில் இன்னொன்றையும் சொல்கிறார். ஒரு நோயாளி எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கப் போயிருந்த நேரத்துக்கு நேராக அவருடைய சார்ட்டில் பி.பி.யும் பல்ஸும் எழுதப்பட்டிருந்தன. கேட்டால், "முன்னாடியே பார்த்துட்டேன் மேடம்" என்றாராம். பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகளோ, காலையிலிருந்து யாருமே வந்து பார்க்கவில்லை என்கிறார்.

துறைத் தலைவரிடம் சொன்னபோது கிடைத்த பதில்: "ரேங்க் வாங்கின பையன். எக்ஸ்டென்ஷன் போட்டா சீட்டே போயிடும். கையெழுத்துப் போட்டுக் குடுத்துடும்மா, பி.ஜி.யில கத்துக்குவான்." எக்ஸ்டென்ஷன் என்றால் இன்டர்ன்ஷிப்பை நீட்டிப்பது. பையனின் அப்பாவும் மருத்துவர், தலைவருக்கு வேண்டியவர்.

மறுக்க எனக்கு உரிமை உண்டா, போட்டால் பின்னால் சட்டச் சிக்கல் வருமா, கடைசி வாரம் கடுமையாக ஒரு வைவா (வாய்மொழித் தேர்வு) வைத்து அதையே ஆதாரமாக்கிக்கொள்ளலாமா, இல்லை ஒரே ஒரு சம்பவத்தை வைத்து நான் அநியாயமாக முடிவெடுக்கிறேனா? இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள டாக்டர்,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஆமாம், அந்த 38-ஐ மட்டும் வைத்து முடிவெடுத்தால் அது அநியாயமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் கடிதத்தில் இருப்பது அது மட்டும் இல்லை. இன்னும் பாதிப் போஸ்டிங் மிச்சம் இருக்கிறது. கையெழுத்தைப் பற்றி இன்றைக்கே முடிவு செய்யத் தேவையில்லை. ஆனால் இன்றைக்கே தொடங்க வேண்டிய வேலைகள் சில உண்டு.

எது பெரிய விஷயம்?

அவர் சர்க்கரை பார்க்காததை நீங்கள் முதலில் வைத்து, சார்ட் விவகாரத்தை இரண்டு வரியில் முடித்திருக்கிறீர்கள். நான் இருந்தால் வரிசையை மாற்றிப் போடுவேன்.

குழப்பத்தோடு வரும் யாருக்கும் முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. தேர்வில் கேட்டிருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பார். அன்று ராத்திரி அது வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டீர்களா? டூட்டி தொடங்கி அது எத்தனையாவது மணி நேரம்? கேசுவால்டியில் அப்போது எத்தனை பேர் இருந்தார்கள்? பி.ஜி. (மேற்படிப்பு மாணவர்) எங்கே இருந்தார்? குளுக்கோமீட்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததா, இல்லை வழக்கம்போல ஸ்ட்ரிப் தீர்ந்து அடுத்த வார்டிலிருந்து வாங்கி வர வேண்டியிருந்ததா? இவற்றுக்கெல்லாம் விடை தெரிந்தால்தான் குறை அவருடையதா, அந்த இரவினுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

பிரிட்டனில் டாக்டர் ஹடிசா பவா-கார்பாவுக்கு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். 2011 பிப்ரவரியில் லெஸ்டர் மருத்துவமனையில் ஜாக் ஆட்காக் என்ற ஆறு வயதுச் சிறுவன் செப்சிஸில் (கிருமித் தொற்றால் உடலே நிலைகுலையும் நிலை) இறந்தான். குழந்தைகள் நலப் பயிற்சியில் இருந்த பவா-கார்பா, பிரசவ விடுப்பு முடிந்து அண்மையில்தான் திரும்பியிருந்தார். ஆள் பற்றாக்குறை, மேல்நிலை மருத்துவர் ஊரில் இல்லை, கணினி அமைப்பு செயலிழந்து பரிசோதனை முடிவுகள் தாமதமாயின. அவரிடமும் தவறுகள் இருந்தன. 2015-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 2018 ஜனவரியில் மருத்துவப் பதிவேட்டிலிருந்தே பெயர் நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. ஒரு மோசமான இரவை வைத்து ஒருவரின் திறமையை எடைபோடுவது எவ்வளவு சிக்கலானது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கேஸில் நன்றாகச் செய்தவர் அடுத்த கேஸிலும் நன்றாகச் செய்வார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மருத்துவர்கள் நோயைக் கண்டறியும் விதத்தை ஆராய்ந்து ஆர்தர் எல்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் 1978-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். தடுமாறியவருக்கும் அதே கணக்குதான். ஒரு தடவை பார்த்துச் சொல்லும் தீர்ப்பு, பாராட்டாக இருந்தாலும் கண்டனமாக இருந்தாலும், நம்பத் தகுந்ததல்ல.

சார்ட் விஷயம் வேறு. பார்க்காத பி.பி.யை எழுதியது உண்மையானால், நீங்கள் இல்லாத நேரத்தில் அவர் எழுதும் எதையும் நம்ப முடியாது என்றாகிறது. ஒரு ஜூனியரைத் தனியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாமா என்று மூத்தவர்கள் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள் என்று கனடாவில் டாரா கென்னடி குழுவினர் ஆராய்ந்து 2008-இல் எழுதினார்கள். நான்கு விஷயங்கள் வந்தன: அறிவும் கைத்திறனும், தன் எல்லை எது என்று தெரிந்து உதவிக்குக் கூப்பிடுவது, உண்மையைச் சொல்வது, சொன்ன வேலையை அக்கறையோடு முடிப்பது. நம் தேர்வுகள் அளப்பது முதலாவதை மட்டும்தான், அதிலும் பாதியை. உங்கள் ஹவுஸ் சர்ஜனிடம் சந்தேகம் எழுந்திருப்பது மற்ற மூன்றில்.

மேக்சின் பாப்படாக்கிஸ் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே பொருந்தும். அமெரிக்காவில் மூன்று மருத்துவக் கல்லூரிகளில் படித்து, பிற்பாடு மாநில மருத்துவ வாரியங்களின் நடவடிக்கைக்கு ஆளான 235 மருத்துவர்களின் கல்லூரிக் காலக் கோப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். பின்னாளைய நடவடிக்கையோடு அதிகம் ஒட்டியிருந்தவை இரண்டு: படிக்கும்போதே பதிவாகியிருந்த கடும் பொறுப்பின்மை, குறையைச் சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்ளாத குணம். மார்க் குறைவுக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. இதை ஜாதகம்போல எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்படிக் குறிப்பு வாங்கிய மாணவர் எல்லாரும் பின்னால் கெட்டுப்போனதாக அந்த ஆய்வு சொல்லவில்லை.

அவரைக் கூப்பிட்டுக் கேட்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வார்டில் மற்ற ஹவுஸ் சர்ஜன்கள் எழுதிய சார்ட்டுகளை வாங்கி வரிசையாகப் பாருங்கள். எல்லாக் கட்டிலிலும் பி.பி. 120/80, பல்ஸ் 80 என்று ஒரே கையில் ஓடியிருந்தால், அது யூனிட்டின் வழக்கம். "ரவுண்ட்ஸுக்கு முன்னாடி சார்ட்டை ஃபில் பண்ணிடு" என்று முதல் நாளே பி.ஜி. சொல்லிக் கொடுத்திருப்பார். பழக்கிவிட்டவர்கள் நாம், எக்ஸ்டென்ஷன் மட்டும் ஒருவருக்கு என்றால் அது நியாயமாகாது. அப்போது திருத்த வேண்டியது யூனிட் சீஃபையும் சேர்த்துத்தான். இவர் மட்டும் செய்திருந்தால் கதை வேறு.

வைவா எதற்கும் உதவாது

கடைசி வாரம் கடுமையான வைவா என்ற யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். இரண்டு காரணங்கள். முதலாவது, அவர் அதில் ஜெயித்துவிடுவார். நீட் பி.ஜி.யில் ரேங்க் எடுத்தவரிடம் போய் ஹைப்போகிளைசீமியாவின் (சர்க்கரை மிகக் குறைவதன்) காரணங்களைக் கேட்டால், உங்களுக்கும் எனக்கும் தெரியாத இரண்டையும் சேர்த்துச் சொல்லுவார். பிறகு உங்கள் கையில் என்ன இருக்கும்? இரண்டாவது, தோற்கடிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு வைக்கும் தேர்வு, பிற்பாடு யார் விசாரித்தாலும் பழிவாங்கலாகத்தான் தெரியும்.

ஜார்ஜ் மில்லர் 1990-இல் வரைந்த கூம்பை எங்காவது பார்த்திருப்பீர்கள். அடியில் 'தெரியும்', அதற்கு மேல் 'எப்படி என்று தெரியும்', அதற்கும் மேல் 'செய்து காட்டுவார்', உச்சியில் 'செய்கிறார்'. வைவா கீழ் இரண்டு படிகளோடு நின்றுவிடும். ரொனால்ட் ஹார்டன் 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் கொண்டுவந்த ஓ.எஸ்.சி.இ., அதாவது மணியடித்தால் அடுத்த மேஜைக்கு நகரும் அந்தத் தேர்வு, மூன்றாவது படி வரைக்கும் ஏறும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டுப் போட்டுக் காட்டியவர் மழை பெய்யும் ராத்திரியில் பைபாஸில் எப்படி ஓட்டுவார் என்பது அங்கே தெரியாது. உச்சிப் படியைப் பார்க்க வேண்டுமானால் வார்டில், ஓ.பி.யில், உண்மையான நோயாளியோடு அவர் இருக்கும்போது நீங்களும் அங்கே நிற்க வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

மீதி மூன்று வாரத்தில் என்ன செய்யலாம்

இதற்குக் கருவி ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்க உள்மருத்துவ வாரியத்தில் இருந்த ஜான் நார்சினி 1995-இல் கொண்டுவந்த மினி சி.இ.எக்ஸ்.தான் அது. மருத்துவக் கல்விப் பயிற்சி வகுப்பில் அந்தப் படிவத்தை உங்கள் கையிலும் கொடுத்திருப்பார்கள்; பலருக்கு அதோடு சரி. பயிற்சியில் இருப்பவர் ஒரு நோயாளியைப் பார்க்கும்போது கால் மணி, இருபது நிமிடம் பக்கத்தில் நின்று கவனிப்பது, முடிந்தவுடன் ஐந்து பத்து நிமிடம் பேசுவது. அவ்வளவுதான் விஷயம். விசாரிக்கும் விதம், உடல் பரிசோதனை, நடந்துகொள்ளும் முறை, முடிவெடுக்கும் திறன், விளக்கிச் சொல்வது, வேலையை ஒழுங்குபடுத்துவது, மொத்தத் திறமை என்று ஏழு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண். 4-க்குக் கீழே என்றால் திருப்தியில்லை.

மதிப்பெண்ணைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். நம் ஊரில் எல்லாருக்கும் 7 விழும், அது வேறு கதை. முக்கியமானது எண்ணிக்கை. ஒரு படிவம் எதையும் நிரூபிக்காது. பத்தை ஒட்டி, வேறு வேறு நோயாளிகளோடு, வேறு வேறு பேர் பார்த்து எழுதினால்தான் ஒரு உருவம் தெளியும். மூன்று வாரத்தில் பத்து என்பது முடியாத வேலை இல்லை. நீங்கள் நான்கு, இன்னொரு உதவிப் பேராசிரியர் மூன்று, சீனியர் ரெசிடென்ட் மூன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றி நீங்கள் நினைப்பதை மற்ற இருவரிடமும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். ஒருவரைப் பற்றி மனதில் ஓர் அபிப்பிராயம் விழுந்துவிட்டால், சம்பந்தமே இல்லாத குணங்களுக்கும் அதே சாயம் ஏறிவிடும் என்று எட்வர்ட் தார்ன்டைக் 1920-லேயே காட்டியிருக்கிறார். உங்களுக்கு இப்போது கறுப்புச் சாயம். துறைத் தலைவருக்கு ரேங்க்கின் தங்கச் சாயம். ஆகவே இருவர் கண்ணுக்கும் வெளியே இருந்து சிலர் பார்க்கட்டும்.

எதைப் பார்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். நம் ஹவுஸ் சர்ஜன்களின் நாள் எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாததல்ல. ரத்தம் எடுப்பது, சாம்பிளைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவது, ரிப்போர்ட் வாங்கி வருவது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது. வென்ஃப்ளான் (மருந்து ஏற்றக் கையில் செருகும் ஊசிக்குழாய்) போடுவதில் கில்லாடியாக இருப்பார்கள். ஒரு நோயாளியை முழுதாகப் பார்த்து முடிவெடுக்க யாரும் விட்டிருக்க மாட்டார்கள். எனவே அவரிடம் நிஜமான வேலைகளைக் கொடுத்துப் பாருங்கள்: மூச்சுத் திணறலோடு புதிதாக வந்தவரை முதலில் பார்ப்பது, இன்சுலின் அளவு எழுதுவது, ரத்தம் ஏற்றத் தொடங்கிக் கண்காணிப்பது, ராத்திரி டூட்டிக்காரரிடம் நோயாளிகளை ஒப்படைப்பது, ஒரு குடும்பத்திடம் கெட்ட செய்தி சொல்வது.

ஒவ்வொரு வேலைக்கும் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதை இவர் செய்யும்போது நான் எவ்வளவு தூரத்தில் இருக்கலாம்? நெதர்லாந்தின் ஓலே டென் கேட் 2005-இல் தொடங்கிவைத்த சிந்தனை இது. முதல் நிலையில் பார்க்க மட்டும் விடலாம். இரண்டாவதில் நான் அறையில் இருக்க வேண்டும். மூன்றாவதில் கூப்பிட்டால் உடனே வரும் தூரத்தில் இருந்தால் போதும். நான்காவதில் தனியே விடலாம். ஐந்தாவதில் அவரே அடுத்தவருக்குச் சொல்லித் தரலாம். 'சுமார்', 'நன்று' என்று எழுதுவதைவிட இது நமக்கு இயல்பாக வரும், ஏனென்றால் ஒவ்வொரு டூட்டியிலும் மனதுக்குள் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஒருவரே ரத்தம் ஏற்றுவதில் நான்காம் நிலையிலும் மூச்சுத் திணறலில் இரண்டாம் நிலையிலும் இருக்கலாம்.

சர்க்கரை பார்த்த அந்த ஸ்டாஃப் நர்ஸையும் கேளுங்கள். அவர் மட்டுமில்லாமல், மூன்று ஷிஃப்டிலும் இருக்கும் சீனியர் சிஸ்டர்களையும் கேளுங்கள். கூப்பிட்டால் வருகிறாரா, சந்தேகம் கேட்டால் எரிந்து விழுகிறாரா, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறாரா? யூனிட் சீஃபுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்; நம் மருத்துவமனைகளில் அவர்களை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். ஆனால் அதையும் எழுத்தில் வாங்குங்கள், காபி குடிக்கும்போது கேட்ட பேச்சாக விட்டுவிடாதீர்கள்.

எழுதி வைக்காவிட்டால் நடக்காததுபோலத்தான்

தகுதி குறைவு என்று மனதார நினைக்கும் பயிற்சியாளரையும் மூத்தவர்கள் ஏன் பாஸ் போட்டுவிடுகிறார்கள்? ஒட்டாவாவில் நான்சி டூடெக் குழுவினர் 2005-இல் இதை விசாரித்தபோது நான்கு தடைகள் தெரிந்தன: கையில் பதிவு இல்லை, எதைப் பதிவு செய்வது என்று தெரியவில்லை, மேல்முறையீடு வருமே என்ற தயக்கம், தோல்வி என்று சொன்ன பிறகு அவரைத் தேற்றி எடுக்க வழி இல்லை. உங்கள் கடிதத்தில் நான்குமே இருக்கின்றன!

முதல் இரண்டும் உங்கள் கையில்தான். ஒரு நோட்டுப் போடுங்கள். "பொறுப்பில்லாதவர்", "அலட்சியம்" என்றெல்லாம் எழுத வேண்டாம், அவை உங்கள் தீர்ப்பு. பார்த்ததை எழுதுங்கள்: இன்ன தேதி, இன்ன நேரம், சார்ட்டில் பகல் 11 மணிக்கு பி.பி. பதிவு, நோயாளி அப்போது எக்கோ அறையில் இருந்தார், எக்கோ பதிவேட்டில் நேரம் இருக்கிறது, ஹவுஸ் சர்ஜன் சொன்ன விளக்கம் இது. பக்கத்துக் கட்டில் மகள் சொன்னதைவிட அந்த எக்கோ பதிவேடு வலுவான சாட்சி. அவர் நன்றாகச் செய்ததையும் அதே நோட்டில் எழுதுங்கள். குறை மட்டுமே இருக்கும் நோட்டை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

உரிமையும் சட்டமும்

லாக் புக் வெறும் சடங்கு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. விதிகள் அப்படிச் சொல்லவில்லை. 1997-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகளிலேயே, அறிவு, திறன், பொறுப்புணர்வு, குழுவாக வேலை செய்வது, தன்முனைப்பு என்ற தலைப்புகளில் 0 முதல் 5 வரை மதிப்பெண் தரச் சொல்லியிருந்தது. எந்த ஒன்றில் 3-க்குக் கீழே வந்தாலும் இன்டர்ன்ஷிப் நிறைவானதாகாது. 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட கட்டாயச் சுழற்சி இன்டர்ன்ஷிப் விதிமுறைகளும் பணிப்பதிவேட்டையும் மதிப்பீட்டையும் விடவில்லை. உங்கள் கல்லூரி லாக் புக்கில் அச்சாகியிருக்கும் மதிப்பீட்டுப் பக்கத்தையும் கல்லூரி நடைமுறையையும் முதலில் முழுதாகப் படித்துவிடுங்கள்.

ஆக, பார்த்ததைப் பார்த்தபடி மதிப்பிடுவது உங்கள் வேலை. இறுதிச் சான்றிதழைத் தருபவர் டீன். நீங்கள் "திருப்தியில்லை" என்று எழுதிய பிறகு என்ன செய்வது என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு. அந்தப் பாரத்தையும் நீங்களே சுமக்க வேண்டாம்.

கையெழுத்துப் போட்டால், இனி அவர் வாழ்நாளில் செய்யும் ஒவ்வொரு தவறுக்கும் நீங்கள் கோர்ட்டில் நிற்க வேண்டிவரும் என்று பயப்படுகிறீர்கள். அது மிகையான பயம். உங்களுக்கான ஆபத்து வேறு இடத்தில், மிக அருகில் இருக்கிறது. ஹவுஸ் சர்ஜனுக்கு இருப்பது தற்காலிகப் பதிவு; உங்கள் மருத்துவமனையில், மேற்பார்வையில் மட்டுமே அவர் வேலை செய்யலாம். இவரிடம் குறை இருக்கிறது என்று தெரிந்தும் தனியே நைட் டூட்டியில் விட்டு, ஏதாவது நடந்துவிட்டால், மேற்பார்வை எங்கே என்ற கேள்வி யூனிட்டைத்தான் வந்து சேரும். டூட்டி பட்டியலை இந்த வாரமே மாற்றுங்கள். ராத்திரியில் அவரோடு பி.ஜி. ஒருவர் அதே இடத்தில் இருக்கட்டும். அவசர நோயாளி யாரையும் அவர் மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

அவர் வழக்குப் போட்டால்? கல்வி மதிப்பீட்டில் ஆசிரியரின் முடிவை நீதிமன்றங்கள் பொதுவாக மாற்றுவதில்லை. அவர்கள் தேடுவது உள்நோக்கம் இருந்ததா, நடைமுறை பின்பற்றப்பட்டதா என்பதைத்தான். குறையை முன்கூட்டி எழுத்தில் சொன்னீர்களா, விளக்கம் கேட்டீர்களா, திருத்த வாய்ப்புக் கொடுத்தீர்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் நீங்கள் உறுதியான நிலத்தில் நிற்கிறீர்கள். போஸ்டிங்கின் கடைசி நாளில் முதன்முறையாகச் சொன்னால் அந்த நிலம் ஆட்டம் காணும். நான் வழக்கறிஞர் இல்லை. நோட்டீஸ் ஏதாவது வந்தால் உங்கள் மருத்துவர் சங்கத்தின் சட்ட ஆலோசகரைப் பாருங்கள்.

"பி.ஜி.யில கத்துக்குவான்"

துறைத் தலைவர் சொல்வதில் பாதி உண்மை. பி.ஜி. சேர்க்கைக்கு இன்ன தேதிக்குள் இன்டர்ன்ஷிப் முடிந்திருக்க வேண்டும் என்ற வரம்பு உண்டு. எக்ஸ்டென்ஷன் அதைத் தாண்டினால் ஒரு வருடம் போகும். இருபத்து மூன்று வயதில், உழைத்து வாங்கிய ரேங்க்கை இழப்பது சின்ன நஷ்டம் இல்லை.

அந்தத் தேதிதான் நம் இன்டர்ன்ஷிப்பைக் கெடுத்து வைத்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பி.ஜி. சீட்டு ஒரே ஒரு தேர்வின் மார்க்கை நம்பி இருக்கும்போது, வார்டில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் பையன்களுக்கு இழந்த படிப்பு நேரமாகத்தான் தெரிகிறது. டூட்டி ரூமில் செல்போனில் கேள்வி வங்கி ஓடுகிறது. கட்டிலில் நோயாளி காத்திருக்கிறார். உங்கள் ஹவுஸ் சர்ஜனைக் குறை சொல்வதற்கு முன் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆனால் "கத்துக்குவான்" என்ற பகுதி சரியில்லை. இன்டர்ன்ஷிப் சான்றிதழோடு நிரந்தரப் பதிவு கிடைத்துவிடும். மறுநாளே எந்தக் கிளினிக்கிலும் தனியே உட்கார்ந்து மருத்துவம் பார்க்கலாம். பி.ஜி. சேர்ந்தாலும், முதல் வருடப் பி.ஜி. ராத்திரி எவ்வளவு நேரம் தனியே நிற்கிறார் என்று தலைவருக்குத் தெரியாதா? அங்கே இருப்பவர்களும் "இன்டர்ன்ஷிப்பில் பார்த்திருப்பார்கள்" என்று நம்பித்தான் அவரை நிறுத்துவார்கள்.

தலைவரிடம் மறுபடி போகும்போது "கையெழுத்துப் போட மாட்டேன்" என்று தொடங்க வேண்டாம். "சார், மூன்று வாரம் இருக்கிறது. இன்னின்னார் பார்த்து எழுதப்போகிறோம், அவரிடமும் சொல்லிவிட்டோம். தேறிவிட்டால் நானே கையெழுத்துப் போடுகிறேன். தேறாவிட்டால், மீதி நான்கு மாதத்துக்குள்ளேயே இரண்டு வாரம் திரும்ப இங்கே போட முடியுமா என்று டீனிடம் கேட்கலாம்" என்று சொல்லுங்கள். எலெக்டிவ் (விருப்பத் துறை) போஸ்டிங் வாரங்களையோ மிச்சமிருக்கும் விடுப்பையோ அதற்குப் பயன்படுத்த டீன் ஒப்புக்கொண்டால் பி.ஜி. தேதியும் தப்பலாம். இதை இப்போதே கேட்டால் இடம் இருக்கும், கடைசி வாரம் கேட்டால் இருக்காது. பேசியதை அன்றைக்கே ஒரு சின்னக் கடிதமாக அவருக்கு எழுதிக் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பையனின் அப்பா போன் செய்தால், மரியாதையாக, இதை அவருடைய மகனிடம்தான் பேசுவேன் என்று சொல்லிவிடுங்கள்.

அவரிடம் எப்படிப் பேசுவது

இதுவரை அவரிடம் நேராகப் பேசியதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. "பார்த்துட்டேன் மேடம்" என்றதோடு அது நின்றுவிட்டது. முதலில் அதைச் செய்யுங்கள். ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் வேண்டாம். கதவு சாத்திய அறையில், இன்னொரு ஆசிரியரையும் உடன் வைத்துக்கொண்டு.

அந்த ராத்திரியை அவரே சொல்லட்டும். "என்ன நினைத்துக்கொண்டு சி.டி.க்கு எழுதினீர்கள்?" என்று கேட்டுவிட்டு இடைமறிக்காமல் இருங்கள். பக்கவாதம் என்று மனதில் விழுந்ததும் வேறு எதையும் தேடவில்லை என்று அவரே சொல்லிவிட்டால், பாதி வேலை முடிந்தது. அந்தத் தவறு எல்லா மருத்துவருக்கும் வருவது, திருத்தக்கூடியது. சார்ட்டை அடுத்து எடுங்கள். எக்கோ பதிவேட்டு நேரத்தைக் காட்டிக் கேளுங்கள். "பார்க்கவில்லை மேடம், எழுதிவிட்டேன்" என்று ஒப்புக்கொண்டால் ஒரு வழி. ஆதாரத்தைப் பார்த்த பிறகும் சாதித்தால் அதை அப்படியே எழுதி, மூன்று வாரம் காத்திருக்காமல், உடனே துறைத் தலைவர் வழியாக டீனுக்குக் கொண்டுபோங்கள். அது திறமை மதிப்பீட்டோடு முடிகிற விஷயம் இல்லை, ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது.

அவர் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்றும் கேளுங்கள். எப்போதும் முதலிடத்தில் இருந்தவர் திடீரென்று சறுக்கும்போது பின்னால் மனச்சோர்வு இருப்பதுண்டு. அப்படித் தோன்றினால் மனநலத் துறைக்கு அனுப்புங்கள். அந்த விவரம் மதிப்பீட்டுக் கோப்புக்குள் போகக் கூடாது.

பேச்சு முடியும்போது அவர் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும்: எந்த மூன்று விஷயத்தில் முன்னேற வேண்டும், யார் யார் பார்ப்பார்கள், எந்த நாளில் மறுபடி உட்கார்ந்து பேசுவோம். இருவரும் கையெழுத்திட்டு ஒரு நகல் அவருக்கு, ஒரு நகல் உங்களுக்கு. அந்தப் பெரியவருக்குச் சர்க்கரை பார்த்த ஸ்டாஃப் நர்ஸுக்கு யூனிட் சார்பில் யாராவது நன்றி சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லவில்லை என்றால், உங்கள் ஹவுஸ் சர்ஜனையும் ஒரு வார்த்தை நன்றி சொல்லச் சொல்லுங்கள். அதை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதையும் கவனியுங்கள்.